சகோதர யுத்தங்கள்: கிபியாவிலிருந்து கோண்டாவில் வரை

உடுவிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விவிலியம் அந்நிய நூல் அன்று. 1816ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் குடாநாட்டில் அமைத்த நிலையங்களில் உடுவிலும் ஒன்று. 1824ல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் இங்கே பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. 2024ல் அதற்கு இருநூறு வயது நிறைந்தது. அவரது கணவர் மைரன் வின்ஸ்லோ பாதிரியாரின் பெருந் தமிழ் அகராதி 1862ல் சென்னையில் அச்சேறியது. அதே நூற்றாண்டில், சைவத்தின் காவலரான ஆறுமுக நாவலர், தமது இளமையில், பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத்தைத் தமிழாக்கினார். ஆகவே ஒரே வளவுக்குள் திருமுறையும் வேதாகமமும் அருகருகே இருந்த வீடுகள் எங்கள் ஊரில் பல உண்டு.

எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. அம்மாவின் தாயார் உடுவில் விடுதியில் படித்தவர். மாலையில் விளக்கேற்றியதும் வேதாகமத்தில் ஓர் அத்தியாயம் வாசிப்பார். முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒழுங்காக வாசித்து முடித்து, மீண்டும் தொடங்குவார். சிம்சோன் கதையைக் கேட்பதற்கென்றே நாங்கள் நியாயாதிபதிகள் புத்தகத்துக்காகக் காத்திருப்போம். ஆனால் அந்தப் புத்தகத்தின் பதினெட்டாம் அத்தியாயம் முடிந்ததும் அம்மம்மா நேரே ரூத்தின் கதைக்குப் போய்விடுவார். இடையில் மூன்று அத்தியாயங்கள் இருக்கின்றன என்பதைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்தபோதுதான் அறிந்தேன். வாசித்து முடித்தபோது, அம்மம்மா ஏன் அவற்றைத் தாண்டினார் என்பது விளங்கியது. அதைவிட அதிகமாக, எங்கள் ஊரில் நான் கண்ட ஒரு காலம் விளங்கியது.

இக்கட்டுரை அந்த மூன்று அத்தியாயங்களைப் பற்றியது. அவற்றை வைத்துக்கொண்டு எம்மை நாமே பார்ப்பது பற்றியது.

கிபியாவில் நடந்தது

கதை இதுதான். எப்பிராயீம் மலைநாட்டில் வாழ்ந்த லேவியன் ஒருவன், கோபித்துக்கொண்டு தகப்பன் வீடு சென்ற தன் மறுமனையாட்டியை அழைத்துவரப் பெத்லகேமுக்குப் போகிறான். திரும்பும் வழியில் பொழுது சாய்கிறது. அருகில் எபூஸ் பட்டணம் இருக்கிறது. பிற்காலத்து எருசலேம் அதுவே. அங்கே தங்குவோம் என்கிறான் வேலைக்காரன். அது அந்நியருடைய பட்டணம், எங்கள் சனத்தின் ஊருக்கே போவோம் என்கிறான் லேவியன். அப்படி அவர்கள் வந்து சேர்ந்த இடம், பென்யமீன் கோத்திரத்தாரின் கிபியா.

சொந்தச் சனத்தின் ஊரில் அவர்களை யாரும் வீட்டில் ஏற்றவில்லை. வேறு ஊரிலிருந்து வந்து குடியிருந்த கிழவர் ஒருவர் மட்டுமே இடம் கொடுக்கிறார். இரவில் ஊர்க் காடையர் வீட்டைச் சூழ்ந்துகொண்டு லேவியனை வெளியே விடும்படி கேட்கின்றனர். அவனோ அந்தப் பெண்ணைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறான். விடியும்வரை அவளைச் சிதைக்கிறார்கள். விடியற்காலையில் அவள் வந்து அந்த வீட்டு வாசலில் விழுகிறாள். கதவு திறக்கப்பட்டபோது அவளுடைய கைகள் வாசற்படியின் மேல் கிடந்தன என்று அந்நூல் குறிக்கிறது.

அவன் அவளுடலைப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேலின் எல்லைகளுக்கெல்லாம் அனுப்புகிறான். கோத்திரங்கள் கொதித்தெழுந்து மிஸ்பாவில் கூடுகின்றன. நான்கு இலட்சம் வாள்வீரர் என்கிறது நூல். குற்றவாளிகளை ஒப்படைக்குமாறு பென்யமீனைக் கேட்கிறார்கள். பென்யமீன் மறுக்கிறது; தன் ஊரவரைக் காக்க 26,000 பேரைத் திரட்டுகிறது. முதல் நாள் போரில் இஸ்ரவேலர் தரப்பில் 22,000 பேர் மடிகின்றனர். இரண்டாம் நாள் 18,000 பேர். மூன்றாம் நாள் பதுங்கித் தாக்கிப் பென்யமீனை முறியடிக்கிறார்கள். 25,000க்கு மேற்பட்டோர் விழுகின்றனர். அத்தோடு நிற்கவில்லை. பென்யமீனின் ஊர்களுக்குள் புகுந்து மனிதரையும் மிருகங்களையும் வெட்டி, ஊர்களைக் கொளுத்துகிறார்கள். எஞ்சியவர்கள் ரிம்மோன் கன்மலையில் ஒளிந்துகொண்ட 600 ஆண்கள் மட்டுமே.

பின்னர் வென்றவர்கள் பெத்தேலில் உட்கார்ந்து அழுகிறார்கள். பன்னிரண்டு கோத்திரங்களில் ஒன்று இல்லாமற் போயிற்றே என்று அழுகிறார்கள். அதை இல்லாமல் ஆக்கியவர்களும் அவர்கள்தாம்.

இது வரலாறா?

இந்த எண்களை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயிரம் என்று பொருள்படும் எபிரேயச் சொல் குலப்பிரிவையோ படைப்பிரிவையோ குறித்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உளர். இஸ்ரவேல் என்ற பெயர் முதன்முதலாக வரலாற்றில் தலைகாட்டுவது, கி.மு. 1208 அளவில் எகிப்திய மன்னன் மெர்னெப்தா நாட்டிய கல்வெட்டில்தான். நியாயாதிபதிகள் காலம் அதையொட்டியது என்பர். ஆனால் நூல் இன்றைய வடிவை எடுத்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. பென்யமீன் கோத்திரத்தவனும் கிபியா ஊரவனுமாகிய சவுல் அரசனின் பெயரைக் கெடுப்பதற்கே தாவீதின் ஆதரவாளர்கள் இக்கதைக்கு இவ்வடிவம் கொடுத்தனர் என்ற கருத்தும் உண்டு. எருசலேமுக்கு வடக்கே தெல் எல் ஃபூல் என்ற மேட்டில் 1922-23ல் அகழாய்வு செய்த அல்பிரைற், அதுவே கிபியா என்றார். அந்த மேட்டில் யோர்தான் மன்னர் ஹுசைன் தமக்கொரு மாளிகை கட்டத் தொடங்கினார். 1967 யுத்தத்தோடு அந்த வேலை நின்றுபோனது.

எண்கள் எவ்வாறாயினும், ஒரு சமூகம் தனது புனித நூலுக்குள்ளேயே தனது மிகக் கேவலமான காலத்தை எழுதி வைத்துக்கொண்டது என்பது முக்கியமானது. அதை நீக்கிவிட எத்தனையோ சந்தர்ப்பங்கள் இருந்திருக்கும். அவர்கள் நீக்கவில்லை. எதிரி செய்த கொடுமைகளோடு தாம் தமக்குச் செய்த கொடுமையையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கையளித்தார்கள். நாம் அவ்வாறு செய்கிறோமா என்ற கேள்வி எனக்கு உண்டு.

1986

1985 ஏப்ரலில் தமிழீழ விடுதலைப் புலிகள், ரெலோ, ஈபிஆர்எல்எப், ஈரோஸ் ஆகிய நான்கு இயக்கங்களும் ஈழத் தேசிய விடுதலை முன்னணி என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன. தலைவர்கள் கைகோத்து நின்ற படம் அக்காலத்தில் எங்கள் வீடுகளில் ஒட்டப்பட்டிருந்தது. அவ்வருடம் ஜூலையிலும் ஆகஸ்டிலும் திம்புவில் நடைபெற்ற பேச்சுக்களில், இந்த நான்கு இயக்கங்களோடு புளொட்டும் தமிழர் விடுதலைக் கூட்டணியும் சேர்ந்து ஒரே குரலில் நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன. எங்கள் மிஸ்பா அது என்று சொல்லலாம்.

ஓராண்டு கடப்பதற்குள், 1986 ஏப்ரல் 29ஆம் திகதி புலிகள் ரெலோவைத் தாக்கத் தொடங்கினர். மே 6ஆம் திகதி ரெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினம் கோண்டாவிலில் கொல்லப்பட்டார். உடுவிலிலிருந்து இணுவில் கடந்தால் கோண்டாவில். அந்த ஒரு வாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்கள் கொல்லப்பட்டனர். அவர்களிற் பலர் 1983 ஜூலைக்குப் பின்னர் வீட்டாருக்குச் சொல்லாமல் படகேறியவர்கள். எந்த இயக்கத்தின் படகு முதலில் கரைக்கு வந்ததோ அதில் ஏறியவர்கள். ஒரே வகுப்பில் படித்த இருவரில் ஒருவன் அங்கும் ஒருவன் இங்குமாக இருந்ததற்கு வேறு காரணம் பலருக்கு இருக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஈபிஆர்எல்எப் தாக்கித் தடைசெய்யப்பட்டது. 1987 மார்ச் 30ஆம் திகதி, தளபதி கிட்டு மீது குண்டு வீசப்பட்ட இரவில், கந்தன் கருணை என அழைக்கப்பட்ட வீட்டில் அடைக்கப்பட்டிருந்த மாற்று இயக்கக் கைதிகள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இதை ஓர் இயக்கத்தின் தலையில் மட்டும் சுமத்திவிடுவது நேர்மையாகாது. ரெலோவின் உட்பூசலில் அதன் வடமராட்சித் தளபதி தாஸ் 1986ன் முற்பகுதியில் தம் இயக்கத்தவராலேயே யாழ் வைத்தியசாலையில் வைத்துக் கொல்லப்பட்டார். புளொட்டின் தமிழகப் பயிற்சி முகாம்களில் நடந்த சித்திரவதைகளையும் கொலைகளையும், அவ்வியக்கத்திலிருந்து வெளியேறியவரே எழுதிய ‘புதியதோர் உலகம்’ நாவல் 1985லேயே வெளிப்படுத்தியது. 1982 ஜனவரி 2ஆம் திகதி புளொட்டின் சுந்தரம் யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் சுடப்பட்டபோதே கதவு திறந்துவிட்டது. 1987க்குப் பின் இந்திய அமைதிப்படையோடு திரும்பி வந்த இயக்கங்கள் பழிதீர்த்ததையும், 1989ல் தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென வீதியிற் போன பிள்ளைகளைப் பிடித்ததையும் எங்கள் தலைமுறை மறக்கவில்லை. பக்கத்து வீடுகளில் மேசைக்கடியில் ஒளித்து வைக்கப்பட்ட பதின்ம வயதுப் பையன்களில் நானும் ஒருவன்.

ஒருவன் சொன்ன சாட்சியம்

கிபியாக் கதையில் பத்திரிகையாளன் என்ற வகையில் என்னை உறுத்தும் இடம் மிஸ்பாக் கூட்டம். என்ன நடந்தது என்று சபை லேவியனைக் கேட்கிறது. ஊரார் என்னைக் கொல்ல நினைத்தார்கள், என் மறுமனையாட்டியை அவமானப்படுத்தினார்கள், அவள் இறந்துபோனாள் என்கிறான். அவளைக் கதவுக்கு வெளியே தள்ளியது தானே என்பதை அவன் சொல்லவில்லை. சொன்னது பொய்யன்று. சொல்லாமல் விட்டதில்தான் பொய் இருந்தது. சபையில் எவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. அடைக்கலம் கொடுத்த கிழவரை அழைத்து விசாரிக்கவில்லை. வேலைக்காரனை அழைக்கவில்லை. ஒருவனின் வாய்மொழியில் நான்கு இலட்சம் பேர் வாளெடுத்தனர்.

1986 மே மாதத்தில் எங்கள் ஒழுங்கைகளுக்குள் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. இன்ன இயக்கம் கொள்ளையடித்தது, மக்களைத் துன்புறுத்தியது, இந்தியாவின் கைக்கூலியாயிற்று, ஆகவே தடைசெய்யப்படுகிறது, அதன் உறுப்பினருக்கு எவரும் அடைக்கலம் கொடுக்கக்கூடாது என்றது. அந்தக் குற்றச்சாட்டுக்களில் உண்மையானவையும் இருந்தன. வாகனங்களைப் பறிகொடுத்தவர்களும் நகையைப் பறிகொடுத்தவர்களும் ஊரில் இருந்தார்கள். கிபியாவில் குற்றம் நடந்தது மெய்தானே? ஆயினும், திருடியவன் யார், கட்டளையிட்டவன் யார், நேற்று மட்டும் சேர்ந்த பதினாறு வயதுப் பையன் யார் என்று பிரித்துப் பார்க்க ஒரு மன்றம் இருக்கவில்லை. குற்றவாளிகளைக் கேட்டுத் தொடங்கிய விவகாரம், கோத்திரத்தையே அழிப்பதில் முடிந்தது.

இதற்கான சொல்லை நாம் முன்னரே தயாரித்து வைத்திருந்தோம். ‘துரோகி’ என்ற அந்தச் சொல் துவக்குக்கு முன் மேடையில் பிறந்தது. எழுபதுகளில், நாடாளுமன்றம் சென்றவர்களும் சட்டம் படித்தவர்களும் அதை மேடைகளில் முழங்கினர். 1975 ஜூலை 27ஆம் திகதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டபோது பலர் அதை ஏற்றுக்கொண்டதற்கு அந்த முழக்கமே காரணம். பதினான்கு ஆண்டுகளின் பின், 1989 ஜூலை 13ஆம் திகதி, அந்த மேடைகளின் முதன்மைப் பேச்சாளர் அமிர்தலிங்கம் கொழும்பில் கொல்லப்பட்டபோது அவருக்கும் அதே சொல்லே சூட்டப்பட்டது. பின்னாளில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நானும், கொல்லப்பட்டவரின் பெயருக்கு முன்னால் மற்றவர்கள் ஒட்டிய அடைமொழியை ஆராயாமல் பிரதியில் விட்ட நாட்கள் உண்டு. அச்சம் ஒரு காரணம். பழக்கம் மற்றக் காரணம். இரண்டாவதை மன்னிப்பது கடினம்.

கேட்கப்படாத முதற் கேள்வி

மிஸ்பாவில் கூடிய கோத்திரங்கள் தேவனிடம் கேட்ட முதற் கேள்வி, எங்களில் யார் முதலில் போருக்குப் போகவேண்டும் என்பது. போக வேண்டுமா என்பது அன்று. 22,000 பேர் செத்த பிறகுதான், எங்கள் சகோதரனாகிய பென்யமீனோடு மீண்டும் போரிடலாமா என்று கேட்கிறார்கள். சகோதரன் என்ற சொல் அவர்களுடைய கேள்விக்குள் அப்போதுதான் நுழைகிறது. அதுவும் தாங்கள் தோற்ற பின்பு.

அடுத்தது சபதம். பென்யமீனுக்கு எங்கள் மகள்மாரைக் கொடுக்கமாட்டோம் என்று போருக்கு முன் மிஸ்பாவில் ஆணையிட்டிருந்தனர். 600 ஆண்களுக்குப் பெண் வேண்டுமே என்ற நிலை வந்ததும், ஆணையை விலக்கிக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. கூட்டத்துக்கு வராத ஊர் எது என்று தேடினர். கீலேயாத்திலுள்ள யாபேஸ் வரவில்லை என்று கண்டு, 12,000 பேரை அனுப்பி, அவ்வூரையே வெட்டி வீழ்த்தி, 400 கன்னிப்பெண்களைக் கொண்டுவந்தார்கள். இன்னும் 200 பேர் குறைந்தது. சீலோவில் ஆண்டுத் திருவிழாவுக்கு நடனமாட வரும் பெண்களைத் திராட்சைத் தோட்டத்தில் ஒளிந்திருந்து தூக்கிக்கொள்ளுங்கள் என்று பென்யமீனருக்குப் பெரியவர்களே வழி சொன்னார்கள். ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்கு நீதி கேட்டுத் தொடங்கிய யுத்தம், அறுநூறு பெண்களைப் பறித்துக்கொடுத்து நிறைவெய்தியது. தலைவர்கள் தமது வாக்கைக் காப்பாற்றிக்கொண்டனர். அதற்கு விலை கொடுத்தவர்கள், அந்த வாக்கை எடுத்தபோது சபையில் இல்லாதவர்கள்.

எங்கள் கதையிலும் விலை கொடுத்தோர் பட்டியலில் முடிவெடுத்தோர் குறைவு. 1990 அக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேறுவதற்கு இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. தமிழே பேசிய, எங்கள் சந்தைகளிலும் தையற்கடைகளிலும் தலைமுறைகளாக இருந்த மக்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் பென்யமீனை விலக்கிப் பழகிய கைக்கு யாபேசை விலக்குவது கடினமாக இருக்கவில்லை. 1986ஐ ஏற்றுக்கொண்ட ஊர் 1990லும் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றது.

ஆற்றுத் துறையில்

அதே நியாயாதிபதிகள் நூலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மற்றொரு சகோதர யுத்தம் உண்டு. அம்மோனியரை வென்று திரும்பிய யெப்தாவிடம் எப்பிராயீம் கோத்திரத்தார் வந்து, எங்களை அழைக்காமல் ஏன் போருக்குப் போனாய், உன் வீட்டைக் கொளுத்துவோம் என்கின்றனர். யெப்தா கீலேயாத்தியரைத் திரட்டி அவர்களை முறியடிக்கிறான். தப்பி ஓடுவோர் யோர்தானைக் கடக்கும் துறைகளைக் கைப்பற்றிக்கொண்டு, கடக்க வருபவனை ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீமியர் நாவில் அது ‘சிபோலேத்’ என்றே வரும். அப்படிச் சொன்னவனை அங்கேயே வெட்டினர். 42,000 பேர் என்கிறது நூல்.

இந்தச் சோதனை எமக்குத் தெரியாததன்று. இலங்கையின் இனக் கலவரங்களில் வீதியை மறித்த காடையர், வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லுமாறு கேட்டனர். ‘பால்திய’ என்பதற்குப் பதில் ‘வால்திய’ என்று நாக்குப் புரண்டவன் தமிழன். இதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பேசவும் வேண்டும்.

ஆனால் வெருகலைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. 2004 மார்ச்சில் கருணா புலிகளிடமிருந்து பிரிந்தார். அம்மாத இறுதியில் மட்டக்களப்பில் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்தார் வெளியேற்றப்பட்டனர். பேச்சைக் கேட்டாலே யார் எவ்வூரவர் என்று தெரிந்துவிடும் அல்லவா? ஏப்ரல் 9ஆம் திகதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, வடக்கிலிருந்து வந்த புலிகளின் அணிகள் வெருகல் ஆற்றைக் கடந்து கிழக்கின் அணிகளைத் தாக்கின. ஆற்றின் இரு கரையிலும் நின்றவர்கள் ஒரே சீருடை அணிந்தவர்கள். சில மாதங்களுக்கு முன்னர் மாவீரர் நாளில் ஒரே சுடரை ஏற்றியவர்கள். அதன் பின்னர் ஐந்து ஆண்டுகளில், 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அதற்கு அரசின் படைபலம், உலக வல்லரசுகளின் போக்கு எனக் காரணங்கள் பல. கிழக்கு கையைவிட்டுப் போனது அவற்றுள் சிறிய காரணம் அன்று.

யெப்தாவுக்கு வேறு வழி இருந்ததா? இருந்தது. அதே நூலின் எட்டாம் அத்தியாயத்தில், அதே எப்பிராயீமர், அதே முறைப்பாட்டோடு கிதியோனிடமும் வருகிறார்கள். எங்களை ஏன் அழைக்கவில்லை என்று உரத்துச் சண்டையிடுகிறார்கள். கிதியோன் தன் வெற்றியைச் சிறிதாக்கி, அவர்களுடைய பங்கைப் பெரிதாக்கிப் பேசுகிறான். உங்கள் மிச்சசொச்சத்துக்கு என் முழு அறுவடையும் ஈடாகுமா என்ற பொருளில் அவன் சொன்ன மறுமொழியில் அவர்களுடைய கோபம் தணிந்துவிடுகிறது. ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. முறைப்பாடு ஒன்றே. தலைவர்கள்தாம் வேறு. கிதியோன் விட்டுக்கொடுத்தது நாட்டையோ கொள்கையையோ அன்று, பெருமையை மட்டுமே.

ஓதேத் என்றொருவன்

பழைய ஏற்பாட்டில் அதிகம் அறியப்படாத ஒரு நிகழ்ச்சி இரண்டாம் நாளாகமத்தின் இருபத்தெட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. நாடு இரண்டாகப் பிளந்த பிற்காலத்தில், வடக்கு இஸ்ரவேலர் தெற்கு யூதாவைத் தோற்கடித்து, பெண்களும் பிள்ளைகளுமாக இரண்டு இலட்சம் பேரைச் சமாரியாவுக்குச் சிறைபிடித்து வருகிறார்கள். ஓதேத் என்ற தீர்க்கதரிசி வெற்றிப் படைக்கு முன்னே போய் நின்று, இவர்கள் உங்கள் சகோதரர், திருப்பி அனுப்புங்கள் என்கிறான். எப்பிராயீமின் தலைவர்கள் நால்வர் அவனோடு சேர்ந்துகொள்கின்றனர். படை பணிகிறது. சிறைப்பட்டோருக்கு உடையும் பாதரட்சையும் கொடுத்து, உணவூட்டி, காயங்களுக்கு எண்ணெய் பூசி, நடக்கமாட்டாதவர்களைக் கழுதையில் ஏற்றி எரிகோ வரை கொண்டுபோய் விடுகிறார்கள்.

எமது மரபிலும் இது புதிதன்று. சோழர் குலத்து நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் பொருதபோது இடையில் நின்று, தோற்பது யாராயினும் அது உங்கள் குடியே என்று எடுத்துரைத்தவர் கோவூர்கிழார். புறநானூற்றைப் பெருமையோடு மேடையில் முழங்கிய நாம், எடுத்துக்கொண்டது வீரத் தாய்மாரை மட்டுமே. கோவூர்கிழாரை ஏட்டிலேயே விட்டுவிட்டோம்.

எங்களுக்குள்ளும் ஓதேத்துகள் இருந்தார்கள். யாழ் பல்கலைக்கழக மருத்துவபீடத்து விரிவுரையாளர் ராஜினி திராணகம அவர்களில் ஒருவர். ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வருள் ஒருவர். அரசுப் படைகளையும் இந்தியப் படையையும் இயக்கங்களையும் ஒரே அளவுகோலால் அளந்தவர். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓதேத்துக்கும் அவருக்கும் வேறுபாடு துணிச்சலில் இல்லை. ஓதேத் பேசியபோது எழுந்து நின்ற அந்த நான்கு தலைவர்கள் எமக்கு வாய்க்கவில்லை.

மீந்த அறுநூறு பேர்

அழிந்துபோக இருந்த பென்யமீன் கோத்திரத்திலிருந்துதான் இஸ்ரவேலின் முதல் அரசன் சவுல் வந்தான். அம்மோனியர் யாபேசை முற்றுகையிட்டபோது அதை மீட்டவன் அவனே. அவன் போரில் மடிந்து, அவனுடல் எதிரியின் மதிலில் தொங்கவிடப்பட்டபோது, இரவெல்லாம் நடந்து சென்று அதை இறக்கி அடக்கம் செய்தவர்கள் யாபேசின் மக்கள். சவுல் என்ற இயற்பெயர் கொண்ட அப்போஸ்தலர் பவுலும் தம்மைப் பென்யமீன் கோத்திரத்தான் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். துடைத்தெறியப்பட்ட ஒரு கூட்டத்திலிருந்து எவை வரக்கூடும் என்பதைத் துடைத்தெறியும்போது எவரும் கணக்கிடுவதில்லை.

2001 அக்டோபரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானபோது ரெலோவும் ஈபிஆர்எல்எப்பின் ஒரு பிரிவும் அதில் இடம்பெற்றன. புலிகளும் அதை அங்கீகரித்தனர். பெத்தேல் அழுகைக்கு ஒப்பான தருணம் அது. ஆனால் எவரும் வாய்விட்டு அழவில்லை. 1986ல் நடந்தது தவறு என்ற வசனம் எந்த மேடையிலும் தெளிவாகச் சொல்லப்படாமலேயே கைகள் குலுக்கப்பட்டன. கணக்குத் தீர்க்காமல் சேர்ந்த அந்தக் கூட்டு, 2023 ஜனவரியில் தமிழரசுக் கட்சி தனித்துப் போவதென முடிவெடுத்ததோடு உடைந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு பகுதியினர் பொது வேட்பாளர் என்றனர். மறு பகுதியினர் வேறு திசை காட்டினர். அவ்வாண்டு நவம்பரில் யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. இன்று எவரும் எவரையும் சுடுவதில்லை. அது பெரிய ஆறுதல். ஆனால் கட்சிக்குள் மாற்றுக் கருத்துச் சொன்னவனுக்குக் கொடுக்கப்படும் பெயர் மாறவில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து முகநூலில் அதைத் தட்டுபவர்களிற் பலர் 1986ல் பிறந்திருக்கவுமில்லை. அவர்களுக்கு அச்சொல்லின் விலை தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அந்த இரவு

1986 மே முதல் வாரத்தில் ஓர் இரவு. எனக்குப் பதினான்கு வயது. தூரத்தே சூட்டுச் சத்தம் கேட்டு அடங்கியிருந்தது. எங்கள் படலையில் தட்டும் ஓசை. “அம்மா, கொஞ்சம் தண்ணி தாங்கோ” என்று ஒரு குரல். இளங்குரல். அப்பா எழுந்தார். பிறகு குனிந்து லாம்பின் திரியை இறக்கினார். இருளில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மீண்டும் ஒருமுறை தட்டினான். சற்று நேரம் கழித்து, “சரி ஐயா, நான் போறன்” என்றான். எங்களைக் குறை சொல்லும் தொனி அதில் இருக்கவில்லை. அதுதான் இன்றுவரை நினைவில் நிற்கிறது.

காலையில் படலையடியில் எதுவும் இல்லை. அவன் யார், தப்பினானா என்பது எங்களுக்குத் தெரியாது. அன்று மாலை அம்மம்மா வழக்கம்போல் வேதாகமத்தை எடுத்தார். எடுத்துச் சற்று நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, வாசிக்காமலே மூடிவிட்டார். அப்பா இறக்கும்வரை அந்த இரவைப் பற்றி நாங்கள் ஒருவரோடொருவர் பேசியதில்லை.

துவக்கு வைத்திருந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இன்னும் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் கிபியாவில் அன்றிரவு காடையர் மட்டும் இருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை உள்ளே இருந்த ஓர் ஊரும் இருந்தது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்கும் அச்சம் இருந்தது. அவர்களைப் பழிக்க எனக்குத் தகுதியில்லை. நானும் அந்த ஊரவன்தான்.

உடுவிலில் இப்போது அந்தப் படலை இல்லை. மதிலும் இரும்புக் கேற்றும் வந்துவிட்டன. என் பிள்ளைகளுக்கு 1958, 1977, 1983 என்ற ஆண்டுகளைச் சொல்லி வளர்த்திருக்கிறேன். 1986ஐச் சொல்வதற்கு இத்தனை காலம் எடுத்திருக்கிறது. இதை அவர்கள் வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.